8 நாட் வேக வரம்பை மதிச்சுப் போனாலும் தப்பா? தேம்ஸ் ஆத்துல படகு ஓட்ட வினோத விதிகள்!

2023 அக்டோபர். லண்டன் மில்லேனியம் பாலத்துக்குக் கீழ ஒரு வைக்கோல் கட்டு கயித்துல தொங்கிட்டு இருந்துச்சு. யாரோ குறும்புக்குக் கட்டினது இல்ல மக்களே. சட்டம் அப்படி!

தேம்ஸ் ஆத்துத் துணைவிதிப்படி, பாலத்துல வேலை நடந்து வளைவோட உயரம் வழக்கத்தைவிடக் குறைஞ்சா, பகல்ல ஒரு வைக்கோல் கட்டு தொங்கணும், ராத்திரி வெள்ளை விளக்கு எரியணும். ரேடார், ஜிபிஎஸ் எல்லாம் வந்தாச்சு, வைக்கோல் மட்டும் இன்னும் வேலையில இருக்கு. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். பேட்டரி தீராது, சாஃப்ட்வேர் அப்டேட் கேக்காது.

[திரையில்: டெடிங்டன் முதல் கடல் வரை ஆத்து வரைபடம்]

பின்னணியைச் சுருக்கமா முடிச்சுடறேன். மேற்கு லண்டன்ல இருக்கிற டெடிங்டன் லாக்குக்கு (படகை ஏத்தி இறக்குற மதகுக்கு) கீழ தேம்ஸ், ஓதம், அதாவது கடல் மட்டத்தோட ஏற்ற இறக்கம், வந்து போற ஆறு. லண்டன் நடுவுல தண்ணி 7 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்கும். அந்த நீளம் முழுக்க லண்டன் துறைமுக ஆணையத்தோட கட்டுப்பாடு. அவ்வளவுதான், வேகத்துக்கு வருவோம்.

டெடிங்டன்ல இருந்து வாண்ட்ஸ்வொர்த் பாலம் வரைக்கும் வேக வரம்பு 8 நாட் (படகு வேகத்தை அளக்குற அலகு), அதாவது மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். வாண்ட்ஸ்வொர்த்ல இருந்து கிழக்கு லண்டன்ல இருக்கிற மார்கரெட்னெஸ் வரைக்கும் 12 நாட், ஏறக்குறைய 22 கிலோமீட்டர். "அப்ப லண்டன்ல ஓடுற பயணிகள் படகு மட்டும் பறக்குதே?"ன்னு கமெண்ட் போட வர்றவங்களுக்கு: அதுக்குத் தனி அனுமதி இருக்கு, உங்களுக்கு இல்ல.

இப்ப தலைப்புக்கு வருவோம். 8 நாட் வரம்பு இருக்கிற இடத்துல சரியா 8 நாட்ல போறீங்க. சட்டப்படி சரி. ஆனா உங்க படகு சின்ன கேபின் படகா இருந்தா, அது எழுப்பக்கூடிய அலைகள்லயே மோசமான அலையை அந்த வேகத்துலதான் எழுப்பிட்டு இருக்கும்.

காரணம் இதுதான். படகு ஓடும்போது அணியத்துல, அதாவது படகோட முன்முனையில, ஒரு அலை எழும்பும். வேகம் கூடக் கூட அந்த அலையோட நீளமும் கூடும். ஒரு கட்டத்துல அலையோட நீளமும் படகோட நீளமும் ஒண்ணாயிடும். அந்த வேகத்தைக் கணக்குப் போட, தண்ணியைத் தொடற நீளத்தை மீட்டர்ல எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 2.43-ஆல பெருக்குங்க. 7.5 மீட்டர் படகுன்னா ஏறக்குறைய 6.7 நாட் வரும்.

அதுக்கு மேல த்ராட்டிலைத் தள்ளினா என்ன ஆகும்? பின்பக்கம் பள்ளத்துல இறங்கும், அணியம் மேல தூக்கும், படகு தன்னோட அலை மேலேயே ஏறப் பார்க்கும். டீசல் குடிக்கும், ஆனா வேகம் பெருசா வராது. செலவழிச்ச சக்தியெல்லாம் அலையாகிக் கரைக்குப் போகும். இன்னும் வேகமாப் போனா சில படகுகள் தண்ணி மேல எழும்பி வழுக்கும், அலை சின்னதாயிடும். ஆனா அந்த வேகம் வரம்புக்கு மேல. 8 நாட்ங்கிறது அந்தப் படகுக்குச் சரியா நடுவுல மாட்டிக்கிற வேகம்!

அதனால இந்த அளவு படகுன்னா 5, 5.5 நாட்டுக்கு இறங்குங்க. திரும்பிப் பாருங்க. பின்னாடி வர்ற அலையோட தலை வெள்ளையா உடைஞ்சா, கரையில கட்டியிருக்கிற படகெல்லாம் ஆடிக் கயித்தை இழுத்தா, வேகம் இன்னும் அதிகம். துடுப்புப் படகோட விளிம்பு தண்ணிக்கு மேல ஒரு சாண்கூட இருக்காது, அலை நேரா உள்ள வந்துடும். வேகத்தைக் குறைக்கிறதும் முன்னாடியே, கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். பக்கத்துல வந்ததும் சடார்னு த்ராட்டிலை இழுத்தா, நீங்க ஏற்கெனவே கிளப்பின அலை உங்களைத் தாண்டிப் போய் அவங்களைத்தான் அடிக்கும்.

அடுத்தது ஜிபிஎஸ் காட்டுற நம்பர். ஏர்போர்ட்ல நகரும் நடைபாதை மேல நடந்து பார்த்திருப்பீங்க. ஓதம் உள்ள ஆறும் அப்படித்தான். ஜிபிஎஸ் காட்டுறது தரையை வெச்சு அளந்த வேகம். அலையும் சுக்கானும் கேக்குறது தண்ணியை வெச்சு அளந்த வேகம். போர்ட்ஸ்மத் மாதிரி சில துறைமுகங்கள், 10 நாட் வரம்பு தண்ணியை வெச்சுத்தான்னு தெளிவாவே எழுதி வெச்சிருக்காங்க. எந்த ஆத்துல இறங்கினாலும் இந்த ஒரு வரியை விதிப் புத்தகத்துல தேடிப் படிச்சுக்குங்க.

[திரையில்: 100 மீட்டர் தூரத்தில் பாலத்தின் தூண்]

கணக்கு பார்ப்போம். தண்ணியில உங்க வேகம் 6 நாட், நீரோட்டம் 4 நாட். ஓட்டத்தோட போனா தரைக்கு 10 நாட். 100 மீட்டர்ல இருக்கிற தூணுக்கு 20 நொடிக்குள்ள போயிடுவீங்க. எதிர் ஓட்டத்துல தரைக்கு வெறும் 2 நாட், அதே தூரத்துக்கு ஒன்றரை நிமிஷத்துக்கு மேல. அதே படகு, அதே த்ராட்டில்.

ஓட்டத்தோட போகும்போது "நியூட்ரல் போட்டா நின்னுடும்"னு நினைச்சா, தண்ணி உங்களை நொடிக்கு 2 மீட்டர் தள்ளிட்டே இருக்கும். நிக்கணும்னா ரிவர்ஸ்ல 4 நாட் வேணும், ரிவர்ஸ்ல சுக்கான் பேச்சே கேக்காது. நிறுத்தணும்னா, இடம் இருக்கும்போதே அணியத்தை ஓட்டத்துக்கு எதிரா திருப்புங்க. கரையில கட்டுறதும் எதிர் ஓட்டத்துலதான்.

பாலத்துலயும் ஆத்து வளைவுலயும் யாருக்கு முதல் வழிங்கிற விதிக்கும் இதுதான் காரணம். எதிர் ஓட்டத்துல வர்றவர் வேகம் குறைச்சு, தேவைப்பட்டா நின்னு, ஓட்டத்தோட வர்றவருக்கு வழி விடணும். ஏன்னா அவரால சுலபமா நிக்க முடியும், மத்தவரால முடியாது. மரியாதைன்னு இல்ல, வெறும் இயற்பியல்!

பாலத்து வளைவுல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஆரஞ்சு விளக்கு எரிஞ்சா அந்த வளைவு வழியாப் போங்க. தலைகீழ் முக்கோணமா மூணு சிவப்பு வட்டம், ராத்திரின்னா மூணு சிவப்பு விளக்கு தெரிஞ்சா, அந்த வளைவு மூடியாச்சு. விட்டு விட்டு எரியிற வெள்ளை விளக்கு தெரிஞ்சா பெரிய கப்பல் ஒண்ணு வருது, ரொம்ப வேகமா மின்னினா ஒண்ணுக்கு மேல வருது. பெரிய வளைவை அவங்களுக்கு விட்டுட்டு ஒதுங்கிடுங்க.

நீரோட்டம் எல்லாப் பாலத்து வளைவுலயும் நேரா போகாது, சில இடத்துல குறுக்கே தள்ளும். தூணையும் அதுக்குப் பின்னாடி தெரியிற ஒரு கட்டடத்தையும் சேர்த்துப் பாருங்க. ரெண்டும் ஒண்ணைவிட்டு ஒண்ணு நகராம இருந்தா, நீங்க தூணை நோக்கித்தான் போயிட்டு இருக்கீங்க.

இதைவிடப் பயம் காட்டுற இடம், கட்டி நிறுத்தியிருக்கிற சரக்குப் பார்ஜோட (தட்டையான சரக்குப் படகோட), ஓட்டம் வந்து மோதுற பக்கம். பார்ஜோட முன்முனை தண்ணிக்குள்ள சாய்வா இறங்கும், ஓட்டம் அதுக்கு அடியில பாயும். இன்ஜின் நின்னுபோன சின்னப் படகை அப்படியே பக்கவாட்டுல சாய்ச்சு அடியில இழுத்துடும். அதனால நல்லாத் தள்ளிப் போங்க, நங்கூரத்தை எப்பவும் போடத் தயாரா மேல வெச்சிருங்க.

கப்பல்கள் மோதாம இருக்கப் போட்ட சர்வதேச விதி எண் 9 படி வலது ஓரமாப் போகணும். 20 மீட்டருக்குக் குறைவான படகும், பாய்மரப் படகும், அந்தக் குறுகலான நீர்வழியை விட்டா வேற வழியில்லாத கப்பலுக்குத் தடையா இருக்கக் கூடாது. அஞ்சு குட்டி ஹார்ன் ஒலி கேட்டா "நீ என்ன பண்றேன்னு புரியல"ன்னு அர்த்தம். அநேகமா உங்களுக்குத்தான். மேற்கு லண்டன்ல பட்னிங்கிற இடத்துக்கு மேல துடுப்புப் படகுகள் எதிர் ஓட்டத்துல கரையோரமா, உங்களுக்குத் தப்பான பக்கத்துலயே வரும். அங்க அவங்களுக்குன்னு தனி விதி இருக்கு, கத்தாதீங்க.

மீதி வேகமா. நாடாளுமன்றத்துக்கு 70 மீட்டர் பக்கத்துல போகக் கூடாது. டவர் பாலம் திறக்கணும்னா 24 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லணும், காசு கிடையாது. ரிச்மண்ட்ல ஆத்துக்குக் குறுக்கே இருக்கிற தடுப்பு வழியா, உயர் ஓதத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியும் பின்னாடியும் நேரா போகலாம், மத்த நேரம் பக்கத்துல இருக்கிற லாக் வழியா, கட்டணம் கட்டி. தேம்ஸ் தடுப்பணையில பச்சை அம்புக்குறி இருக்கிற வழியா மட்டும் போங்க. பாய்மரப் படகா இருந்தாலும் இன்ஜின் ஓடணும்.

13.7 மீட்டர் அல்லது அதுக்கு மேல நீளம்னா விஎச்எஃப் ரேடியோ (படகுகள் பேசிக்கிற ரேடியோ) கட்டாயம். அதைவிடச் சின்னப் படகுக்குக் கட்டாயம் இல்லைன்னாலும் கையடக்க செட் ஒண்ணு வாங்கிருங்க. டெடிங்டன்ல இருந்து, மார்கரெட்னெஸையும் தாண்டி இருக்கிற கிரேஃபோர்ட்னெஸ் வரைக்கும் சேனல் 14. பேச வேண்டாம், கேட்டுட்டே இருந்தாலே ஆத்தோட அடுத்த வளைவுல எந்தக் கப்பல் வருதுன்னு தெரிஞ்சிடும். உங்க படகோட நீளத்தையும், 2.43 கணக்குல வந்த நம்பரையும் கமெண்ட்ல போடுங்க. 8 நாட்ல அலை யாருக்கு அதிகம்னு பார்த்துடுவோம்.