நுழைவாயிலில் உலைவு கொடுப்பது எப்படி?

கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "மேலே வினாடிக்கு 10 மீட்டர், கீழே 5 மீட்டர் வேகத்தில் காற்று நுழைகிறது. கணினியில் இதைக் கணக்கிட 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு வலை (கணக்கிடும் கட்டங்கள்) போட்டிருக்கிறேன். வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரு அடுக்குகளுக்கு நடுவே உருவாகும் கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுழல்கள் வரவேயில்லை. தொடக்க நிலையில் உலைவு, அதாவது வேகத்தில் ஒரு சிறு அசைவு, கொடுத்தேன். சற்று நேரம் சுழன்றது, பிறகு பழையபடி நேராகிவிட்டது. எங்கே தவறு?"

நிரலில் தவறு இருக்க வேண்டும் என்பதில்லை. இரு வேகக் காற்றுகளும் சந்திக்கும் இந்தக் கலப்புப் படலத்தில் உலைவு வளரும், ஆனால் வளர்ந்துகொண்டே ஓட்டத்தோடு வெளியே போய்விடும். நீங்கள் தொடக்கத்தில் கொடுத்ததும் அப்படித்தான் போயிருக்கிறது. ஓட்டத்தில் வைத்த உருளைக்குப் பின்னால், ரெனால்ட்ஸ் எண் (பாகுநிலையோடு ஒப்பிட்ட ஓட்டத்தின் வலிமை) ஏறத்தாழ 47ஐத் தாண்டியதும், சுழல்கள் தாமாகவே நீடிக்கும். அங்கே உலைவு நின்ற இடத்திலேயே வளர்கிறது. இங்கே ஒவ்வொரு நேரப்படியிலும் (கணக்கு முன்னேறும் ஒவ்வொரு சிறு நேர அளவிலும்) நுழைவாயில்தான் அதைக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். படலத்தின் உந்தத் தடிமன் (வேகம் மாறும் அடுக்கு எவ்வளவு தடிமன் என்பதற்கான ஓர் அளவு) 1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதிர்வெண்ணைத் தடிமனால் பெருக்கிச் சராசரி வேகத்தால் வகுத்தால் சுமார் 0.032 வரும் உலைவுதான் மிக வேகமாக வளரும். சராசரி வேகம் 7.5, ஆக 240 ஹெர்ட்ஸ், அலைநீளம் 31 மில்லிமீட்டர். தடிமன் மாறாது என்று கொண்டால், ஓர் அலைநீளம் கடப்பதற்குள் உலைவு ஏறக்குறைய 2.7 மடங்காகும். சோதனைக்கூடத்தில் காற்றின் இரைச்சலே விதையாகிவிடும். கணினியில் இருப்பதோ தசமப் புள்ளிக்குப் பின் பதினாறாம் இடத்தில் வரும் முழுமையாக்கல் பிழை மட்டும். அது சுழலாக வளர 37 அலைநீளம், அதாவது ஒரு மீட்டருக்கும் மேல் வேண்டும். உங்களிடம் 40 சென்டிமீட்டர்தான் இருக்கிறது! வேக வேறுபாட்டில் 0.1 சதவீதம் உலைவு கொடுங்கள்; ஏழு அலைநீளத்தில், சுமார் 22 சென்டிமீட்டரில், சுருளத் தொடங்கும்.

அதை ஓட்டத்துக்குக் குறுக்கான வேகக்கூறில் சேருங்கள். ஓட்டத் திசையில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கூட்டினால் உள்ளே வரும் நிறையே ஏறி இறங்கும். அமுக்க முடியாத பாய்மத்தில் அழுத்தம் முழுவதும் குதிக்கும். படலத்தின் நடுவில் உச்சமாகவும் இருபுறமும் மணி வடிவில் தேய்வதாகவும் வைத்து, 240 ஹெர்ட்ஸ் சைன் அலையால் பெருக்குங்கள். சுழல்கள் இணைவதைப் பார்க்க வேண்டுமானால் 120 ஹெர்ட்ஸும் சேருங்கள்.

பலரும் செய்வது, வலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு நேரப்படியிலும் புதிய சீரற்ற எண் கொடுப்பது. தயவுசெய்து வேண்டாம். நேரப்படியைப் பாதியாக்கினால் அதே ஆற்றல் இரண்டு மடங்கு அகலமான அதிர்வெண்களில் பரவும். 240 ஹெர்ட்ஸுக்குக் கிடைப்பது குறைந்துவிடும். வலையை நுணுக்கினாலும் விடை மாறும். இயல்பான இரைச்சல் தேவையென்றால், சில சைன் அலைகளை, ஒவ்வொன்றின் அலைக்கட்டத்தையும் (phase) மாற்றாமல், கூட்டுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஓட்டம் நன்கு நிலைபெற்ற பிறகு உலைவை நிறுத்துங்கள். உள்ளே இருந்தவை வெளியேறிய பின்னும் சுழல்கள் தொடர்ந்தால், வெளிவாயிலைக் கடக்கும் சுழல்கள் எழுப்பும் அழுத்தம் நுழைவாயிலைத் தட்டிக்கொண்டிருக்கிறது. வெளிவாயிலுக்கு முன் உலைவுகளைத் தணிக்கும் பகுதி ஒன்றைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.