கிளாஸை கொஞ்ச நேரம் அப்படியே வைங்க

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரயில் புடிச்சு இங்கிலாந்து சசெக்ஸ்ல இருக்கிற இந்த லூயிஸ் ஊர் வரைக்கும் வந்து இந்தப் பப்போட மாடியில உக்காந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். உங்க முன்னாடி இருக்கிறது அரை பைன்ட், 284 மில்லி, ஹார்வீஸ் ப்ரூவரியோட சசெக்ஸ் பெஸ்ட் பிட்டர்ங்கிற பீரு. இதைக் காய்ச்சுற இடம் இந்த ஊர்லயே ஆத்தங்கரையில இருக்கு. ஒரு வாய் மட்டும் குடிச்சுட்டு கிளாஸைக் கீழ வச்சிடுங்க, மீதிக்கு நானே சொல்றேன்.

என்ன, சில்லுன்னு இல்லைன்னு தோணுதா? எல்லாருக்கும் அதுதான் முதல்ல தோணும். இங்கிலீஷ்காரங்க சூடான பீரு குடிக்கிறாங்கன்னு ஒரு பேச்சு இருக்கே, அது தப்பு. பப்புக்குக் கீழ இருக்கிற செல்லார்ல 11லேர்ந்து 13 டிகிரிக்குள்ள வச்சிருப்பாங்க. ஃப்ரிட்ஜ்லேர்ந்து அப்பதான் எடுத்த மாம்பழத்தை முகர்ந்து பாருங்க, ஒண்ணும் வராது, கொஞ்ச நேரம் வெளிய வச்சாதான் வீடு முழுக்க மணக்கும், இதுவும் அப்படித்தான். அதான் வைக்கச் சொன்னேன்.

பிட்டர்னு பேர் வச்சது காய்ச்சினவங்க இல்ல, குடிச்சவங்க. 19ஆம் நூற்றாண்டுல ப்ரூவரி கணக்குல இது பேல் ஏல், அதாவது வெளிர் நிற பீருதான். ஆனா கடைக்கு வந்தவங்க, இனிப்பு தூக்கலா இருந்த மைல்டுங்கிற இன்னொரு பீருலேர்ந்து பிரிச்சுக் காட்ட பிட்டர்னே கேட்டாங்க, அதுவே நின்னுடுச்சு. அந்தக் கசப்பு ஹாப்ஸ்னு ஒரு கொடியோட பூவுல இருக்கிற பிசின்லேர்ந்து வருது. மால்ட், அதாவது முளைகட்டிக் காயவச்ச பார்லி, அந்தக் கஷாயத்துல அதைப் போட்டு நல்லா கொதிக்க விட்டாதான் கசப்பு இறங்கும். கென்ட் பக்கத்து கோல்டிங்ஸ், ஃபகிள் இதெல்லாம் இங்க ரொம்ப நாளா இருக்கிற வகைங்க, மழை பெஞ்ச மண்ணு, காஞ்ச இலை, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு வாசனை வரும். அமெரிக்க ஹாப்ஸ் மாதிரி மூக்குல வந்து அடிக்காது.

நம்மளுக்கு இது புரியறது கஷ்டமே இல்லைன்னு நான் நினைக்கிறேன். சுண்டைக்காய் வத்தல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவங்க நாம. கசப்பு நாக்குல இல்ல, முழுங்கினப்புறம் தொண்டைகிட்ட மெதுவா எழுந்து வரும், வந்து அடுத்த வாய் சோறு கேக்கும். இந்த பீரும் அதையேதான் பண்ணுது. முதல்ல பிஸ்கட் மாதிரி மால்ட் ருசி, நடுவுல ஈஸ்ட் குடுக்கிற லேசான பழவாசனை, கடைசில வறண்ட கசப்பு. ஆல்கஹால் 4 சதவீதம்தான், அவ்ளோதான், அதுக்குள்ள இத்தனையும்.

இப்ப ஈஸ்டைப் பத்தி சொல்லியே ஆகணும். 1957ல யார்க்‌ஷயர்ல டாட்காஸ்டர்ங்கிற ஊர்ல இருக்கிற ஜான் ஸ்மித்ஸ் ப்ரூவரிலேர்ந்து ஹார்வீஸ்காரங்க ஈஸ்ட் வாங்கிட்டு வந்தாங்க. நேத்து தயிர்ல ஒரு கரண்டி எடுத்து இன்னிக்குப் பாலுக்கு உறை ஊத்துற மாதிரி, ஒரு தடவை காய்ச்சினதுலேர்ந்து எடுத்து அடுத்ததுக்குப் போட்டுப் போட்டு, அதே ஈஸ்டை இத்தனை வருஷமா உயிரோட காப்பாத்தி வச்சிருக்காங்க. எனக்கு இதை நினைச்சாலே சிலிர்க்கும்.

அந்த உயிர் பீப்பாவுக்குள்ளயும் இருக்கு. ப்ரூவரிலேர்ந்து வரும்போது பீரு இன்னும் முடியல, காஸ்க்னு சொல்ற அந்தப் பீப்பாவுக்குள்ள மறுபடி நொதிச்சுக்கிட்டே இருக்கும். பப்புக்காரர் அதைப் படுக்க வச்சு, மேல இருக்கிற ஓட்டையில மிருதுவான மர ஆப்பு ஒண்ணை அடிப்பாரு, அது வழியா வாயு கசிஞ்சு போகும், அடங்கினதும் கெட்டி ஆப்பு மாத்துவாரு. வண்டல் கீழ படிய ஒரு நாள், ரெண்டு நாள் கூட காத்திருக்கணும். அது சீக்கிரம் படியறதுக்கு மீனோட காத்துப்பையிலேர்ந்து எடுக்கிற ஐசிங்கிளாஸ்னு ஒண்ணை ரொம்ப ப்ரூவரிங்க சேர்க்கிறாங்க, சைவக்காரங்க கேட்டுக்கிட்டுக் குடிங்க. அப்புறம் கைப்பம்ப்பால மேல இழுக்கணும். பீரு இறங்க இறங்க உள்ள காத்து போகும், அதனால திறந்த பீப்பாவை மூணு நாள் வாக்குல காலி பண்ணிடணும்.

நான் முதல் முதல்ல குடிச்ச பிட்டர் இப்படி அளவுக்கு மேல திறந்து கிடந்த பீப்பாவுலேர்ந்து வந்தது, எந்தப் பப்புன்னு சொல்ல வேணாம். வினிகர் மாதிரி புளிச்சுது. பிட்டர்னாலே இதான்போலன்னு நினைச்சு நாலு வருஷம் அந்தப் பக்கமே போகல. புளிப்பு வேற, கசப்பு வேறன்னு அப்ப எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்ல, அந்த நாலு வருஷம் போச்சேன்னு இன்னிக்கும் வருத்தம் இருக்கு.

1960கள்ல பெரிய கம்பெனிங்க இந்தத் தொல்லையெல்லாம் வேணாம்னு பீரை வடிகட்டி, சூடாக்கி ஈஸ்டைக் கொன்னு, கேஸ் ஏத்தி கெக்னு சொல்ற மூடின உலோகப் பீப்பாவுல அனுப்ப ஆரம்பிச்சாங்க. கெடாது, எங்க குடிச்சாலும் ஒரே மாதிரி இருக்கும். 1971ல நாலு பேர் சேர்ந்து காஸ்க் பீரைக் காப்பாத்த காம்ரான்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சு இதை எதிர்த்தாங்க. ஒரே மாதிரி இருக்கிறதுல என்ன தப்புன்னு கேக்கலாம். ஆனா கீழ செல்லார்ல ஒருத்தர் கண்ணும் காதும் வச்சுப் பாத்துக்கிட்டதுனால வர்ற ருசி அதுல வராதுங்க.

சரி, இப்ப கிளாஸை எடுங்க. முதல்ல முகர்ந்து பாருங்க, அப்புறம் ஒரு வாய். ஆரஞ்சுத் தோல் வாசனை மேல வந்திருக்கும், கசப்பு கொஞ்சம் உருண்டு மெத்துனு ஆகியிருக்கும். கீழ போய் வாங்கும்போது முதல்ல அரை பைன்டே கேளுங்க. எது வேணும்னு தெரியலைன்னா துளி ருசி பாக்கக் கேட்டாலே ஊத்திக் குடுப்பாங்க. புளிச்சிருந்தா தயங்காம திருப்பிக் குடுங்க, நல்ல பப்புல ஒரு வார்த்தை பேசாம மாத்திக் குடுப்பாங்க. அங்க மூணாவது பம்ப்புல இருக்கிற பீப்பாவை இன்னிக்குக் காலையிலதான் திறந்தாங்களாம்.