ஒரு நாள் அட்மிஷன் போட்டுக் குடுங்க மேடம்

எல்லாருக்கும் வணக்கம். நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். போன வருஷம் ஒரு அம்மா பையனைக் கூட்டிட்டு வந்தாங்க, காலேஜ் ரெண்டாவது வருஷம், ஓசிடி, அதாவது ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைச் செய்ய வெக்கிற மனநோய், கை கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் தோல் வெளுத்து உரிஞ்சு கிடக்கும். எட்டாவது செஷன்லதான் என் ரூம் கதவுக் கைப்பிடியைத் தொட்டுட்டு கழுவாம பத்து நிமிஷம் உக்காந்திருந்தான், வேர்த்துக் கொட்டுது, ஆனா எந்திரிக்கல. அவன் வெளிய போனதும் அந்தம்மா மஞ்சப்பைலருந்து ரசீதெல்லாம் எடுத்து டேபிள்ல பரப்பி, "மேடம், ஒரு நாள் அட்மிஷன் மட்டும் போட்டுக் குடுங்க, வருஷா வருஷம் இன்சூரன்ஸ் பிரீமியம் கட்டுறோம்ல"ன்னாங்க. பொய்யா எழுத முடியாதும்மான்னு சொல்றதுக்குள்ள எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. வாராவாரம் வந்த பையன் அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவைதான் வந்தான்.

ட்ரீட்மென்ட்டுக்கு இன்சூரன்ஸ் பணம் கேக்குறது சலுகை இல்லங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21(4), உடம்பு நோய்க்கு எந்த அடிப்படைல இன்சூரன்ஸ் தர்றீங்களோ அதே அடிப்படைல மனநோய்க்கும் தரணும்னு தெளிவா சொல்லுது. 2018 ஆகஸ்ட்ல இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ எல்லா கம்பெனிக்கும் சர்க்குலர் அனுப்புச்சு. அப்பவும் மறுத்தாங்க, அட்மிட் ஆகி ட்ரீட்மென்ட் எடுத்த ஒருத்தர் டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போயி 2021லதான் பணத்தைக் குடுன்னு தீர்ப்பு வாங்குனாங்க. 2022 அக்டோபர்ல ஐஆர்டிஏஐ மறுபடியும் சர்க்குலர் போட்டு, மாசக் கடைசிக்குள்ள எல்லா பாலிசிலயும் மனநோயைச் சேருங்கன்னு சொல்லிச்சு.

சரி, சேத்தாங்க. ஆனா பெரும்பாலான பாலிசில 24 மணி நேரம் ஆஸ்பத்திரில படுத்தாதான் க்ளெய்ம். எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிக்கு மேல ஒரு நாள் கூட படுக்க வேண்டியதில்ல, வாரம் ஒரு மணி நேரம் உக்காந்து பேசணும், மாத்திரை சாப்பிடணும், அதான் ட்ரீட்மென்ட்டே. எல்லாருக்கும் ஒரே ரூல்தானேன்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க. உடம்பு நோய்க்கு அந்த ரூலை அவங்களே தளர்த்தியிருக்காங்களே! கேட்டராக்ட் ஆபரேஷனுக்கும் டயாலிசிஸுக்கும் கீமோவுக்கும் ராத்திரி தங்க வேண்டாம்னு ஆனதும் டே-கேர்னு தனியா ஒரு பட்டியல் போட்டு பணம் குடுக்குறாங்க. மருத்துவம் மாறுனா ரூலும் மாறும், அப்ப எங்க செஷனுக்கு மட்டும் ஏன் மாறாது?

குடி விஷயம் இன்னும் மோசம், இதை நான் எங்க போனாலும் சொல்றேன். சட்டத்துல மனநோய்க்குக் குடுத்திருக்குற விளக்கத்துலயே மது, போதையால வர்ற மனநிலைக் கோளாறும் இருக்கு. உங்க பாலிசியை எடுத்து விலக்குப் பட்டியலைப் பாருங்க, எக்ஸ்க்ளூஷன் 12, குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை, அதோட பின்விளைவு எதுக்கும் காசு கிடையாதுன்னு இருக்கும். குடியை விடணும்னு கை நடுங்க வந்து உக்கார்ற மனுசனை சட்டம் நோயாளிங்குது, பாலிசி வெளிய போங்குது.

அமெரிக்காவுல 2008ல மனநோய்க்கும் உடம்பு நோய்க்கும் இன்சூரன்ஸ் சமமா இருக்கணும்னு ஒரு சட்டம் வந்துச்சு, டொமினிசி, வெல்ஸ்டோன்னு ரெண்டு செனட்டர் பேர்ல, ஒருத்தர் மகளுக்கு ஸ்கிசோஃப்ரீனியா, இன்னொருத்தர் அண்ணனுக்கு மனநோய், கட்சி வேற வேறயா இருந்தும் சேந்து நின்னாங்க. அங்க சைக்காலஜிஸ்ட் சங்கமும் பல வருஷம் கூடவே போராடுச்சு. அதுல எனக்குப் பிடிச்சது, அட்மிஷனைத் தனியா, வெளிநோயாளி சிகிச்சையைத் தனியா எடுத்து ரெண்டுலயும் சமமா இருக்கான்னு பாக்குறாங்க. அங்கயும் சண்டை முடியல, ஆனா இத்தனை செஷனுக்குத்தான் காசுன்னு எண்ணி நிறுத்துறதைத் தட்டிக் கேக்க ஒரு வழி இருக்கு.

நாங்க கேக்குறது அதான். ஆர்சிஐல, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில்ல பதிவு பண்ணுன சைக்காலஜிஸ்ட் தர்ற தெரபியை ஓபிடி, அதாவது வெளிநோயாளி செலவா எல்லா பாலிசிலயும் சேருங்க. இதைக் கேக்கறதுல எங்க பொழப்பும் இருக்குன்னு சிலர் சொல்லுவாங்க, இருக்குதான், மறைக்கல, ஆனா பாதில நின்னுபோறது அந்தப் பையனோட ட்ரீட்மென்ட்.

க்ளெய்ம் மறுத்த லெட்டர் வீட்டுல இருந்தா தூக்கிப் போட்டுறாதீங்க. முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க. மறுத்தாலோ, ஒரு மாசமா பதிலே வரலன்னாலோ இன்சூரன்ஸ் புகாரை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேன்கிட்ட போங்க, ஆபீஸ் சென்னைலயே இருக்கு, ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள்ள போகணும். மறக்காம பிரிவு 21(4)னு எழுதுங்க. லெட்டர் இப்பவே கைல வெச்சிருக்கவங்க பின்னாடி டேபிளுக்கு வாங்க, சேந்தே எழுதிடலாம்.