செகண்ட் ஹேண்ட் ரோடு பைக்: எதை மன்னிக்கலாம், எதைப் பார்த்ததும் திரும்பிடணும்

[திரையில்: சுவரில் சாய்த்து வைத்த ரோடு பைக். கேமரா முன் சக்கரத்திலிருந்து மெதுவாகப் பின்னால் நகர்கிறது.]

வணக்கம். வளைஞ்ச ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் இருக்கிற ரோடு பைக்கை, அதாவது வேகமா ஓட்டுற சைக்கிளை, பழசா வாங்கப் போறீங்களா? அப்போ கிளம்புறதுக்கு முன்னாடி மனசுல ரெண்டு கணக்கைத் தனியா பிரிச்சு வெச்சுக்கோங்க. காசு போட்டா சரியாகுற தேய்மானம் ஒண்ணு. ஓடுறப்போ முறிஞ்சு ஆளையே கீழே தள்ளுற சேதம் இன்னொண்ணு. முதல் வகையைப் பார்த்துப் பயந்து நல்ல பைக்கை விட்டுட்டு, ரெண்டாவது வகையைக் கவனிக்காம பளபளப்பான பைக்கை வாங்கிட்டு வர்றவங்கதான் அதிகம்.

லாபம் என்னன்னு முதல்ல பார்த்துடலாம். புது பைக்கோட விலை கடையை விட்டு வெளியே வந்ததுமே இறங்க ஆரம்பிக்குது. அந்த இறக்கத்தை முதல் ஓனர் ஏத்துக்கிறார். அதனால புதுசுல கீழ்நிலை பாகங்கள் கிடைக்கிற அதே காசுக்கு, பழசுல ஒரு படி ரெண்டு படி மேலான கியர் செட், இலகுவான சக்கரம் கிடைக்கும். பெடல், பாட்டில் கூடு, விளக்குன்னு சேர்த்துக் கொடுத்துடுறவங்களும் உண்டு. பார்த்து வாங்கினா, ஒரு வருஷம் ஓட்டிட்டுப் பெரிய நஷ்டமில்லாம வித்துடவும் முடியும்.

சைஸ் பொருந்தலைன்னா இதுல எதுவுமே லாபம் இல்லை. ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற ஸ்டெம்மை நீளத்துல 10 அல்லது 20 மில்லிமீட்டர் மாத்தலாம், சீட்டை ஏத்தி இறக்கலாம். ஃப்ரேமோட நீளத்தை மாத்த முடியாது. சீட்டைத் தாங்குற குழாயான சீட் போஸ்ட்டை உங்க உயரத்துக்கு ஏத்தினப்போ, குறைந்தபட்சம் இதுவரை உள்ளே இருக்கணும்னு அதுல போட்டிருக்கிற கோடு வெளியே தெரிஞ்சா, அந்த ஃப்ரேம் உங்களுக்குச் சின்னது.

[திரையில்: ஹெட் டியூபும் டவுன் டியூபும் சேரும் இடம், அடிப்பக்கம் அருகாமைக் காட்சி.]

இப்போ ஃப்ரேம். முதல்ல துணியால நல்லா துடைங்க, அழுக்குக்குள்ளதான் விரிசல் ஒளிஞ்சிருக்கும். ஹேண்டில்பாருக்குக் கீழே, அங்கேயிருந்து பெடல் பக்கம் சரிஞ்சு போற டவுன் டியூபோட அடிப்பக்கத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. முன் சக்கரம் எதுலயாவது நேரா மோதினா, சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க் பின்னால தள்ளப்பட்டு அந்த இடம்தான் மடங்கும். ஸ்டீல், அலுமினியம் ரெண்டுலயும் பெயிண்ட்ல சுருக்கம் விழும். விரலால தடவினாலே மேடு தெரியும். அப்புறம் பெடல் கைகள் சுழலுற பாட்டம் பிராக்கெட்டைச் சுத்தி, சீட் போஸ்ட் நுழையுற இடம், பின் சக்கரம் மாட்டுற முனை, எல்லா வெல்டிங் ஓரமும். அலுமினியத்துல வெல்டிங்கை ஒட்டி ஒரு மெல்லிய கோடு தெரிஞ்சாலும் அந்த பைக் வேண்டாம். ஸ்டீல்ல மட்டும், நல்ல வேலைக்காரர் கையில பழுது பார்க்க வழி இருக்கு.

கார்பன்ல வேலை கொஞ்சம் கஷ்டம். வெளிப்பூச்சு முழுசா இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிஞ்சிருக்கும். ஒரு நாணயத்தோட ஓரத்தால மெதுவா தட்டிக்கிட்டே நகருங்க. கணீர்னு வர்ற சத்தம் ஓரிடத்துல மட்டும் மொத்தையா மாறினா சந்தேகப்படணும். குழாயோட தடிமன் மாறுற இடத்திலயும் சத்தம் மாறும்கிறதால, இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டுத் தட்டுறதுதான் சரி. இந்தச் சோதனையில தப்பிச்சா ஃப்ரேம் நல்லதுன்னு அர்த்தம் இல்லை. விலை பெருசா இருந்தா அல்ட்ராசவுண்ட் பரிசோதனைக்குக் கொடுக்கிறது வீண் செலவாகாது.

கார்பன் ஃபோர்க்ல, ஸ்டெம் கவ்வுற உள்குழாய் ரொம்ப முக்கியம். போல்ட்டை அளவுக்கு மேல முறுக்கியிருந்தா அங்கே நசுங்கி விரிசல் விட்டிருக்கும், வெளியே ஒண்ணும் தெரியாது. விக்கிறவர் சம்மதிச்சா ஸ்டெம்மைக் கழட்டிப் பாருங்க. திரும்ப மாட்டுறப்போ ஸ்டெம் மேலேயே அச்சடிச்சிருக்கிற டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு மேல போகாதீங்க. நிறைய ஸ்டெம்ல அது 5 நியூட்டன் மீட்டர்தான்.

கையோட சீட் போஸ்ட் போல்ட்டைத் தளர்த்தி, சீட்டைப் பிடிச்சுத் திருப்புங்க. அசையலைன்னா உள்ளே அரிச்சு ஒட்டிக்கிச்சு. அலுமினியமும் ஸ்டீலும், இல்லைன்னா அலுமினியமும் கார்பனும், வியர்வையில நனைஞ்சு சேர்ந்தே கிடந்தா இப்படித்தான் ஆகும். அதை எடுக்கிறப்போ ஃப்ரேமே போகலாம். "ரோட்டுல ஓட்டவே இல்லைங்க, வீட்டுல டிரெயினர்ல மட்டும்தான்"னு, அதாவது பைக்கை நிறுத்தி வெச்சு மிதிக்கிற ஸ்டாண்ட்லதான்னு சொன்னா இன்னும் கவனமா பாருங்க. காத்து படாத அறையில வியர்வை நேரா, ஹேண்டில்பார் திரும்புற பேரிங்கான ஹெட்செட் மேலயும் ஹேண்டில்பார் டேப்புக்குள்ளயும் இறங்கி, போல்ட்டையும் அலுமினியத்தையும் அரிச்சுடும்.

[திரையில்: கிராங்க் கையின் உள்பக்கம், அதில் பொறித்த எழுத்துக் குறி.]

பெடல் மாட்டுற கையான கிராங்க், சைக்கிள் பாகங்கள் தயாரிக்கிற ஷிமானோவோட 11 வேக (பின்னால 11 பல்சக்கரம்) அல்டெக்ரா, டூரா-ஏஸ் வகையா இருந்தா தனியா ஒரு வேலை. 2019 ஜூலைக்கு முன்னாடி தயாரிச்ச 6800, ஆர்8000, 9000, ஆர்9100 மாடல்கள்ல, ஒட்டிச் சேர்த்த ரெண்டு பாதியும் பிரிஞ்சு வர்ற சிக்கல் இருந்ததால, 2023 செப்டம்பர்ல அந்த நிறுவனமே பரிசோதனைத் திட்டம் அறிவிச்சது. கிராங்க் கையோட உள்பக்கம் இருக்கிற தயாரிப்புக் குறியைப் படம் எடுத்துக்கோங்க, அறிவிச்ச பட்டியலோட ஒப்பிடுங்க, பரிசோதிச்சாச்சான்னு கேளுங்க.

[திரையில்: செயின் மீது ஸ்கேல்.]

இனி தேய்மானம். செயின் நீளுதுன்னு சொல்றோம். உண்மையில இரும்பு இழுபடலை, கண்ணிகளைக் கோக்குற பின்னும் (pin) அது சுழலுற இடமும் தேய்ஞ்சு இடைவெளி கூடுது. ஒவ்வொரு பின்னுக்கும் இடைவெளி அரை அங்குலம். ஒரு பின்னோட நடுவை ஸ்கேல்ல பூஜ்யத்துல வெச்சா, 24 இடைவெளி தள்ளி வர்ற பின் சரியா 12 அங்குலக் கோட்டுல உட்காரணும். ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டியிருந்தா அரை சதவீதத் தேய்மானம். 11, 12 வேகத்துக்கு இதுவே மாத்த வேண்டிய கட்டம். 10 வேகம், அதுக்குக் கீழேன்னா முக்கால் சதவீதம் வரை ஓடலாம். 3 மில்லிமீட்டர் தாண்டிடுச்சுன்னா பின் சக்கரத்துப் பல்சக்கரத் தொகுப்பான கேசட்டையும் சேர்த்து மாத்த வேண்டிவரும்னே கணக்குப் போடுங்க. தேய்ஞ்ச பல்லுல புது செயின் போட்டா, அழுத்தி மிதிக்கிறப்போ சின்னப் பல்சக்கரங்கள்ல தாவும். புது செயின் போட்டு விக்கிற பைக்கிலயும் இந்த ஆபத்து உண்டு. ஏத்தத்துல அழுத்தி மிதிச்சுப் பார்த்தாதான் வெளிச்சமாகும்.

சக்கரத்தைச் சுத்திவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாருங்க. லேசான கோட்டம்னா எடுத்துக்கலாம். ரிம் பிரேக் பைக்ல, கட்டை உரசுற பட்டையில ஒரு நேரான ஸ்கேலை வெச்சு, நடுவுல வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. குழிவு நல்லா தெரிஞ்சா சுவர் மெலிஞ்சிருக்கு. டயர் அழுத்தத்துல ரிம்மே பிளந்துக்கும். டிஸ்க் பிரேக்னா, ஷிமானோ டிஸ்க் புதுசுல 1.8 மில்லிமீட்டர், 1.5 வந்தா மாத்தணும். ஹைட்ராலிக் பிரேக் லிவர் அழுத்துறப்போ ஹேண்டில்பாரைத் தொட்டா உள்ளே காத்து, இல்லைன்னா கசிவு.

முன் பிரேக்கைப் பிடிச்சு பைக்கை முன்னும் பின்னும் ஆட்டுங்க. 'டக் டக்'னு வந்தா ஹெட்செட்ல ஆட்டம். கிராங்க் கையைப் பக்கவாட்டுல ஆட்டுங்க, அசைஞ்சா பாட்டம் பிராக்கெட். இதெல்லாம் விலையைக் குறைக்கக் கேட்கிற காரணங்கள், அவ்வளவுதான்.

பழைய பைக்குக்குன்னே ஒரு சங்கடம் இருக்கு, பாகங்கள் ஒண்ணுக்கொண்ணு சேராது. ரிம் பிரேக் ரோடு பைக்குக்குப் பின் ஹப் (சக்கரத்தோட நடு அச்சுப் பகுதி) அகலம் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர். இப்போ வர்ற டிஸ்க் பைக்ல 142. அதனால இப்போ வர்ற டிஸ்க் சக்கரத்தைப் பிற்பாடு மாட்டிக்கலாம்னு நினைச்சா நடக்காது. பழைய ஃப்ரேம்கள் பலதுல 25 மில்லிமீட்டருக்கு மேல டயர் நுழையாது, மோசமான ரோட்டுக்கு அது பத்தாது. ஃப்ரேம் வாரண்டியும் பெரும்பாலும் முதல் ஓனரோட முடிஞ்சுடும்.

பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில பெரும்பாலும் சீரியல் நம்பர் இருக்கும். அது பில்லோட ஒத்துப்போகணும். சுரண்டியிருந்தா பேரம் பேசவே வேண்டாம், அது திருட்டு வண்டியா இருக்க வாய்ப்பு அதிகம்.

விலை பேசுறதுக்கு முன்னாடி செயின், கேசட், டயர் ரெண்டு, பிரேக் கட்டை, ஒயர், கூலி எல்லாத்தையும் கூட்டி, கேட்கிற விலையோட சேருங்க. அந்தத் தொகை புது பைக்கை நெருங்கினா புதுசே வாங்குங்க, வாரண்டியாவது மிஞ்சும்.

[திரையில்: ஹேண்டில்பார் டேப் பிரிக்கப்படுகிறது.]

வாங்கியாச்சா? முதல் நாளே ஹேண்டில்பார் டேப்பைப் பிரிங்க. அலுமினியத்துல வெள்ளைப் பொடியும் குழியும் இருந்தா ஹேண்டில்பாரை மாத்துங்க, சுரண்டித் துடைச்சு ஓட்டாதீங்க. கியர் ஒயரைக் கையோட புதுசாக்குங்க. 11 வேக ஷிமானோ லிவர்ல ஒயர் உள்ளே வளையுற இடத்துல நூல் நூலா பிரிஞ்சு, முனை லிவருக்குள்ளயே மாட்டிக்கும். அப்புறம் அதை நோண்டி எடுக்க ஒரு பொழுது போயிடும்.