முதல் ஸ்மார்ட்போன்: எந்தச் செயலி, எந்த இடத்தில்?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் அப்பாவுக்கோ பாட்டிக்கோ புதிதாக ஸ்மார்ட்போன் வருகிறது. விடுமுறை முடிந்து கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பிள்ளைகள் உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த செயலிகளையெல்லாம் ஏற்றிக் கொடுக்கிறார்கள். அவர்கள் பஸ் ஏறிய பிறகு வாட்ஸ்அப்பைத் தவிர வேறு எதையும் அந்தப் பாட்டி தொடுவதில்லை. தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். எது எதற்கு என்று தெரியாத நாற்பது படங்கள் கண் முன்னால் இறைந்து கிடந்தால் யாருக்கும் அந்தப் பயம் வரும்.

அதனால் போனை முதலில் கீழே வைத்துவிடுங்கள். ஒரு தாள், ஒரு பேனா போதும். ஒரு வாரம் முழுக்க, போனால் ஆக வேண்டிய வேலைகளை மட்டும் எழுதுங்கள். பேரனை முகம் பார்த்துப் பேச வேண்டும், மின் கட்டணம் கட்ட வேண்டும், சிலிண்டர் பதிய வேண்டும், மருந்துக் கடையில் பணம் கொடுக்க வேண்டும், இப்படி. செயலியின் பெயரை எழுத வேண்டாம், வேலையை எழுதுங்கள். வேலை வந்த பிறகுதான் செயலி வர வேண்டும். இதைத் திரும்பவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளைப் பார்த்தால் பாதி வேலைக்குப் புதுச் செயலியே தேவைப்படாது. டார்ச், கடிகாரம், கால்குலேட்டர் எல்லாம் போனிலேயே இருக்கின்றன. திரையின் உச்சியிலிருந்து விரலைக் கீழே இழுத்தால் டார்ச் படம் தெரியும். டார்ச்சுக்கென்று தனிச் செயலி இறக்கினால் விளம்பரம்தான் கூட வரும். பேட்டரியைச் சேமிக்கிறேன், போனைச் சுத்தம் செய்கிறேன் என்று வருபவையும் அப்படித்தான்.

இன்னொன்று. மின் கட்டணம், ரீசார்ஜ், கேஸ் மூன்றையும் ஒரே யு.பி.ஐ. செயலியில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து போனிலேயே பணம் கொடுக்கும் செயலியில், கட்டிவிடலாம். மின் இணைப்பு எண்ணை ஒரு தடவை கொடுத்தால் போதும், அடுத்த முறை அதுவே நினைவு வைத்திருக்கும். மூன்று செயலியின் வேலை ஒன்றில் முடிகிறது. யு.பி.ஐ. பதியும்போது பலருக்குத் தடங்கல் வருவது மூன்றே இடத்தில். வங்கியில் கொடுத்த எண்ணின் சிம் அதே போனுக்குள் இருக்க வேண்டும். அந்த சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். தானாகப் போகும், ரீசார்ஜ் தீர்ந்திருந்தால் போகாது. இரண்டு சிம் போட்டிருந்தால் எந்த சிம் என்று கேட்கும், அங்கே மாற்றித் தொட்டாலும் பதிவு நின்றுவிடும். பதிந்தபின் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பின் நம்பர் போடுவது பணம் கொடுக்கவும் கணக்கு இருப்பைப் பார்க்கவும்தான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடச் சொன்னால், சொல்கிறவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார்.

சரி, ஒரு செயலி வேண்டும் என்று முடிவாகிவிட்டது. செயலிகளை இறக்கும் இடமான பிளே ஸ்டோரில் பெயரைத் தேடுகிறீர்கள். மேலே முதலில் வருவது பல நேரம் காசு கொடுத்து வைத்த விளம்பரம். பக்கத்தில் சின்ன எழுத்தில் அதைக் குறித்திருப்பார்கள். அதனால் முதலில் தெரிவதைத் தொடாதீர்கள். பெயருக்குக் கீழே, வெளியிட்டவர் யார் என்று இருக்கும், அதைப் படியுங்கள். எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பெரிய வங்கியின் செயலி என்று சொல்லிக்கொண்டு சில ஆயிரம் பேர் மட்டுமே இறக்கியிருந்தால் அது வேறு ஏதோ.

இனி இடம். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். அஞ்சறைப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். அடுப்பில் எண்ணெய் காய்கிறது, கரண்ட் போய்விட்டது. அப்போதும் கை கடுகுக்குத்தான் போகும், வெந்தயத்துக்குப் போகாது. கடுகின் இடம் வருஷக்கணக்காக மாறவில்லை, அதனால்தான். போனிலும் அதுதான் வேண்டும். இடம் மாறக் கூடாது.

திரையின் அடியில் ஒரு வரிசை இருக்கிறது, நான்கைந்து படங்கள் கொள்ளும். பக்கத்தைத் தள்ளினாலும் அந்த வரிசை மட்டும் நகராது. அங்கே தினம் தொடுவதை வையுங்கள்: போன், வாட்ஸ்அப், கேமரா, பணம் கொடுக்கும் செயலி. அதற்கு மேலே, முதல் பக்கத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். ஒரு படத்தை அழுத்திப் பிடித்தபடி நகர்த்தினால் விரலோடு வரும், வேண்டிய இடத்தில் விடுங்கள். ஒரு படத்தை இன்னொன்றின் மேல் விட்டால் இரண்டும் சேர்ந்து ஃபோல்டர் ஆகிவிடும். அதற்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்: மருத்துவம், பயணம், அரசு வேலை. ‘மற்றவை’ என்று மட்டும் வைக்காதீர்கள், எல்லாம் அதற்குள் போய் அடைந்துகொள்ளும்.

அழுத்திப் பிடிக்கும்போது இரண்டு சொற்கள் வரும். ரிமூவ் என்றால் படம் மட்டும் முதல் பக்கத்திலிருந்து போகும், செயலி போனில் இருக்கும். அன்இன்ஸ்டால் என்றால் செயலியே போய்விடும். போனோடு வந்த சிலவற்றை நீக்க முடியாது, டிஸேபிள் என்றுதான் வரும். அது போதும், தொந்தரவு தராது.

எல்லாம் வைத்து முடித்தபின், திரையில் வெற்றிடத்தை அழுத்திப் பிடித்து முகப்புத் திரை அமைப்புக்குப் போங்கள். பல போன்களில் முகப்பைப் பூட்டும் வசதி உண்டு. புதுச் செயலியின் படம் தானாக முகப்புக்கு வருவதை நிறுத்தும் வசதியும் அங்கேயே இருக்கும். இரண்டையும் செய்துவிட்டால், சட்டைப்பையில் கிடக்கும்போது தெரியாமல் விரல் பட்டு வாட்ஸ்அப் மூன்றாம் பக்கத்துக்குப் போகாது. “போன்ல வாட்ஸ்அப் காணாமப் போச்சு” என்று பதறுகிற வீடுகளில் பெரும்பாலும் படம் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். இன்னும் ஒரு வார்த்தை, உதவி செய்கிற பிள்ளைகளுக்கு: அடுத்த முறை ஊருக்கு வரும்போது “நல்லா அடுக்கித் தரேன்” என்று எல்லாவற்றையும் மாற்றி வைக்காதீர்கள். அம்மாவின் விரல் பழகிய இடம் அம்மாவுடையது. இடம் மாறக் கூடாது.

கடிகாரம் ஓடுகிறது. இதை விட முடியாது: செயலி பிளே ஸ்டோரிலிருந்து மட்டும்தான். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், அரசு உதவித்தொகை என்று ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இருந்தால் அது பத்திரிகை இல்லை, செயலி. திறந்து அனுமதி கொடுத்தால் உங்களுக்கு வரும் ஓ.டி.பி. குறுஞ்செய்திகளை வேறொருவர் படிப்பார். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள், அவர் போன் ஏற்கெனவே சிக்கியிருக்கலாம். உங்கள் திரையை வேறொருவர் பார்க்க வைக்கும், திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்லி யாராவது போனில் பேசினாலும் உடனே வைத்துவிடுங்கள். இதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

அனுமதி கேட்கும்போது வேலையோடு பொருத்திப் பாருங்கள். வரைபடத்துக்கு இருப்பிடம் தேவை, ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று கொடுங்கள். கடன் தரும் செயலிக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு?

இடம் நிரம்பிவிட்டது என்று போன் சொன்னால் செயலியை நீக்குவதற்கு முன் வாட்ஸ்அப்பைப் பாருங்கள். செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதில் மீடியா ஆட்டோ டவுன்லோட். அங்கே உள்ள குறிகளை எடுத்துவிட்டால் காலை வணக்கப் படங்கள் தாமாக இறங்காது.

ஓய்வூதியதாரர்களுக்கு ஒன்று, சுருக்கமாக. முகம் காட்டி உயிர்வாழ் சான்று கொடுக்க, ஜீவன் பிரமாண் செயலியோடு ஆதார் ஃபேஸ் ஆர்.டி. என்ற செயலியும் வேண்டும். அந்த இரண்டாவதற்கு முகப்பில் படம் வராது. காணவில்லையே என்று மறுபடி மறுபடி இறக்க வேண்டாம். அது உள்ளே இருந்து வேலை செய்யும்.  பணம் போய்விட்டதாகச் சந்தேகம் வந்தால் முதலில் கூப்பிட வேண்டியது சைபர் மோசடி உதவி எண் 1930. ஒன்பது, மூன்று எல்லாம் குழம்பாமல் எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம். போனில் மட்டும் பதியாதீர்கள், காலண்டரிலும் எழுதி வையுங்கள். வணக்கம்.