'இன் குட் ஃபெய்த்': எங்கே, எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கிலக் கடிதங்களிலும் ஒப்பந்தங்களிலும் அடிக்கடி கண்ணில் படுகிற தொடர், 'இன் குட் ஃபெய்த்'. கள்ளமில்லாமல், நேர்மையான எண்ணத்தோடு செய்தேன் என்று சொல்வதற்கானது.

'ஃபெய்த்' என்றதும் நம்பிக்கை என்று எடுத்துக்கொள்வதில்தான் முதல் சறுக்கல். 'ஐ ஹேவ் குட் ஃபெய்த் இன் யூ' என்று எழுதிவிடுகிறார்கள். ஒருவர்மேல் நம்பிக்கை இருக்கிறது என்றால் 'ஐ ஹேவ் ஃபெய்த் இன் யூ' போதும். விண்ணப்பம் ஏற்கப்படும் என்ற எதிர்பார்ப்புக்கும் இந்தத் தொடர் ஆகாது. அதற்கு 'இன் த ஹோப் தட்' இருக்கிறது. 'இன் குட் ஃபெய்த்' பேசுவது, காரியத்தைச் செய்தவர் மனதில் என்ன இருந்தது என்பதை மட்டும்தான்.

இலக்கணம் எளிது. நடுவில் 'அ' (a) என்ற ஆங்கிலச் சொல்லைப் போடக்கூடாது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழியாக வரும்போது, 'குட்-ஃபெய்த் எஃபர்ட்' என்று சிறுகோடு இடுவது நல்லது. மற்ற இடங்களில் கோடு வேண்டாம். எதிர்ப்பதம் 'இன் பேட் ஃபெய்த்'.

படித்தவர்களும் கோட்டை விடுவது, தொடரை வைக்கும் இடத்தில். 'வீ பெய்ட் த பில் சென்ட் இன் குட் ஃபெய்த்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். நேர்மை யாருடையது? பில் அனுப்பியவருடையது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். பணம் கட்டியவர் தன்னைப் பற்றிச் சொல்ல வந்திருந்தால், 'ஆக்டிங் இன் குட் ஃபெய்த், வீ பெய்ட் த பில் தே சென்ட்' என்று எழுத வேண்டும்.

இன்னொன்று: நேர்மை வேறு, கவனம் வேறு. பிரிட்டனின் 1979ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், 61ஆம் பிரிவில், உண்மையிலேயே நேர்மையாகச் செய்யப்பட்டது என்றால், அதில் கவனக்குறைவு இருந்தாலும் அது 'குட் ஃபெய்த்'தான் என்கிறது. உரிய கவனமும் வேண்டும் என்று கேட்கிற சட்டங்களும் உண்டு. அதனால் 'என்மேல் பிழையில்லை' என்ற பொருளில் இதைப் போட்டால், எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்தான்.

பிறகு திருத்தப்பட்ட ஒரு கணக்கில் கையெழுத்துப் போட்டதற்கான விளக்கக் கடிதத்தில் 'ஐ சைன்ட் இன் குட் ஃபெய்த்' என்று மொட்டையாக நிறுத்துவதும் பலன் தராது. கையெழுத்திட்ட அன்று உங்களிடம் எந்த ஆவணம் இருந்தது, திருத்திய கணக்கு எந்தத் தேதியில் வந்தது என்பதை அடுத்த வாக்கியத்திலேயே எழுதிவிடுங்கள்.