வயிறு இல்லாத உயிர் எப்படிச் சாப்பிடுகிறது?

எல்லோருக்கும் வணக்கம். பூஞ்சை என்றதும் பலர் முகம் சுளிப்பார்கள், சிலருக்குக் காளான் ஞாபகம் வரும். ஆனால் காளான் என்பது வித்துகளைப் பரப்புவதற்காகக் கொஞ்ச நாள் தலைகாட்டும் பகுதி, அவ்வளவுதான். உண்மையான உடம்பு மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் ஓடுகிற மெல்லிய இழைகள்.

பூஞ்சை எப்படிச் சாப்பிடுகிறது என்று தெரிந்துவிட்டால் அதைப் பற்றிய பாதி விஷயம் புரிந்துவிடும். அதற்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை, செடியைப் போல வெயிலை வைத்து உணவு தயாரிக்கவும் முடியாது. அதனால் உணவுக்குள்ளேயே புகுந்து, நொதிகளை வெளியே விட்டு, சுற்றி இருப்பதைக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. பூசணம் பிடித்த பிரெட்டில் பச்சையாகத் தெரிகிற இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்தப் பச்சை, வித்துகளின் நிறம். அது கண்ணில் படுவதற்குள் இழைகள் உள்ளே ஓடியிருக்கும், சில வகைகள் நஞ்சும் விட்டிருக்கும்.

இப்படி வெளியே விடுகிற பழக்கத்தால் நமக்கு எவ்வளவு லாபம் தெரியுமா? குளிர்பான பாட்டிலில் சிட்ரிக் அமிலம் என்று பார்த்ததும் எலுமிச்சையைத்தான் நினைப்போம். ஆனால் தொழிற்சாலைகளில் அதைப் பெரும்பாலும் செய்து தருவது அஸ்பெர்ஜிலஸ் நைஜர் என்ற கருப்புப் பூஞ்சை. சர்க்கரையைக் கொடுத்தால் அது அமிலமாக வெளியேற்றும் என்பதை ஜேம்ஸ் கரி 1917-இல் எழுதினார். சலவைத் தூளில் கறையைக் கரைக்கும் நொதிகள் சிலவும் பூஞ்சையிடமிருந்து வந்தவைதான்.

சரி, சாப்பாடு வெளியே கரைந்து கிடந்தால் பக்கத்தில் இருக்கும் பாக்டீரியா சும்மா இருக்குமா? போட்டிக்கு வருவதைத் தடுக்கப் பூஞ்சைகள் வேதிப்பொருள்களையும் செய்கின்றன. 1928-இல் பிளெமிங் பார்த்த பென்சிலின் கதை எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோவின் கதை. பிளெமிங்குக்குத் தற்செயலாகக் கிடைத்தது. இவர் யோசித்துத் தேடினார். எதிரி நுண்ணுயிரி தனக்கு வேண்டிய ஸ்டீரால்களை, அதாவது கொலஸ்ட்ரால் போன்ற கொழுப்புப் பொருள்களை, உருவாக்க விடாமல் தடுக்கும் பொருளை ஏதாவது ஒரு பூஞ்சை வைத்திருக்கலாம், அதுவே மனித உடலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியையும் குறைக்கலாம் என்று ஊகித்து, ஆயிரக்கணக்கான வகைகளைச் சோதித்து, 1973-இல் பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையில் அதைக் கண்டெடுத்தார். அந்தப் பொருள் மருந்தாக விற்பனைக்கு வரவில்லை. ஆனால் அதே குடும்பத்து லோவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் குறைக்கும் மருந்து 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதைச் செய்ததும் ஒரு பூஞ்சைதான், அஸ்பெர்ஜிலஸ் டெரியஸ்.